சாக்கு ஓட்டத்தில் சிரிக்கக் கூடாது

போன வாரம் பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு ஒரு பார்சல் வந்தது. அவர்கள் வீடு பூட்டியிருந்ததால் எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பொறுக்க மாட்டாமல் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து பிரித்தது. உள்ளே மஞ்சளாக ஒரு பை. பெரிய ஆள் நின்றால் இடுப்பு வரைக்கும் வரும். பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் வார் வைத்துத் தைத்திருந்தார்கள். முன்பக்கம் பல்லைக் காட்டிச் சிரிக்கிற ஒரு தவளை. இது என்னம்மா என்று கேட்டேன். "சேக் ரேஸ் தாத்தா. ஸ்போர்ட்ஸ் டேக்கு" என்றது.

எனக்கு நம்ப முடியவில்லை. சாக்கு ஓட்டத்துக்கென்றே தனியாகச் சாக்கு தைத்து, வார் வைத்து, தவளையும் போட்டு விற்கிறார்கள்! பிள்ளை அதை எங்கள் வீட்டிலேயே போட்டுவிட்டு விளையாட ஓடியதும் பழைய பழக்கத்தில் பைக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தேன். புது மழைக்கோட்டு வாசம் அடித்தது. வேறு ஒன்றுமில்லை.

"என்ன, புண்ணாக்கு வாசம் வருதா?"

அடுப்படி வாசலில் சந்திரா நின்றிருந்தாள். என் மனைவி. சிரிக்காமல் கேட்டாள். எங்கள் வீட்டில் சாக்கைப் பற்றிச் சிரிக்காமல் ஒரு கேள்வி வந்தால், பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த வழக்கைச் சொல்லுவதற்கு முன்னால் சாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சணல் சாக்குக்கு வாசம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அந்த வீட்டு நடப்பு தெரிந்துவிடும். பருத்திக்கொட்டை வாசம் அடித்தால் வீட்டில் பால்மாடு நிற்கிறது. வத்தல் வாசம் அடித்தால் வீட்டில் வியாபாரம் உண்டு, எல்லாருக்கும் தும்மலும் உண்டு. சிமெண்டு வாசம் அடித்தால் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது கட்ட ஆரம்பித்து நிறுத்திவிட்டு யார் முகத்திலும் முழிக்காமல் இருக்கிறார்கள். இதெல்லாம் எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தது எதுவும் எனக்கு ஏறவும் இல்லை.

எண்பதுகளில் நான் ராஜபாளையத்தில் ஒரு மைக்செட் கடையில் வேலை பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று கூம்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். பாட்டு போடுவது, நடுவில் பேசுவது, இரண்டும் என் வேலை. பேச்சு என்றால் பெரிய பேச்சு ஒன்றுமில்லை. பச்சைச் சட்டை போட்ட பையனைக் காணவில்லை, கிடைத்தால் மேடைக்குக் கூட்டிவரவும், பந்தி தயார், பெண் வீட்டார் வேன் கிளம்பப் போகிறது. இதைத்தான் நான் ஒரு அலங்காரத்தோடு சொல்லுவேன். எங்கள் முதலாளி, "ஒன்னைய வாய மூடச் சொல்லுறதுக்கு ஒரு சுவிட்சு வைக்கலியே" என்று வருத்தப்படுவார்.

பொங்கல் வந்தால் தெருவுக்குத் தெரு விளையாட்டுப் போட்டி. உறியடி, எலுமிச்சைக் கரண்டி, சங்கீத நாற்காலி எல்லாம் முடிந்து கடைசியில் பெண்களுக்கான சாக்கு ஓட்டம். அதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. பரிசு கொடுக்க வருகிற பெரிய மனுசர் எந்த ஊரிலும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லை. கூட்டம் கலையாமல் இருக்க வேண்டுமென்றால் பெண்களைச் சாக்குக்குள் இறக்கி நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் ஒருத்தரும் நகர மாட்டார்கள். ஆனால் வெயிலில் சாக்குக்குள் நிற்கிறவர்களுக்குச் செத்த நேரத்தில் கோபம் வந்துவிடும். ஒருத்தி காலை வெளியே எடுத்துவிட்டால் அவ்வளவுதான், எல்லாரும் சோறாக்கப் போய்விடுவார்கள்.

அப்படி ஒரு தெருவில், பெரிய மனுசர் வருகிற வரைக்கும் பொழுதை ஓட்டத்தான் நான் முதன்முதலாக ஆள் நிலவரம் சொன்னேன். இந்தப் பக்கம் நிற்பவர் இன்னார், அவர் சாக்கு இப்படி, நடை இப்படி, ஆகவே ஜெயிக்கப் போவது இவர் என்று சும்மா ஒரு பெயரைச் சொல்லிவைத்தேன். அவரே ஜெயித்துவிட்டார். அடுத்த தெருவிலும் சொன்னேன். அதுவும் பலித்தது. பிறகு என்னைச் சோசியக்காரனாக்கிவிட்டார்கள். தேவதானத்திலிருந்து ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, இரண்டு மருமகள்மாரில் யாரைச் சாக்குக்குள் இறக்கினால் வீட்டுக்கு நல்லது என்று கேட்டார். எங்கள் டீக்கடை மாஸ்டர் சொன்னதுதான் எனக்கு எப்போதும் ஞாபகம் இருக்கும். "ராஜபாளையத்துல நாயப் பாத்துத் தரஞ்சொல்ல ஆளு இருந்துச்சு. இப்ப சாக்கப் பாத்துச் சொல்லவும் ஆளு வந்துட்டாம்லே."

தினமும் கேட்கிறார்களே என்று நானும் உண்மையிலேயே கவனிக்க ஆரம்பித்தேன். பந்தயத்துக்கு முன்னால் தெருக்குழாயடியில் போய் நிற்பேன். யார் தளும்பாமல் குடம் தூக்குகிறார், யார் வாய்க்காலைத் தாண்டும்போது சேலையை அள்ளிக்கொண்டு ஒரே தவ்வாகத் தவ்வுகிறார் என்றெல்லாம் பார்ப்பேன். இதற்காக ஒரு தெருவில் அடி வாங்கவும் இருந்தேன். பார்த்துப் பார்த்து நான் கண்டுபிடித்தது இதுதான். உயரம், பலம், வயசு எல்லாம் பிறகு. சாக்கு ஓட்டத்தில் ஆளைக் கவிழ்ப்பது சிரிப்பாணி. முதல் தவ்விலேயே தன்னைத் தானே நினைத்து ஒரு சிரிப்பு கிளம்பும். அது வயிற்றுக்குப் போய், முழங்காலுக்கு இறங்கினால் தீர்ந்தது. எவ்வளவு பலசாலியும் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். யாருக்குச் சிரிப்பு வராதோ அவளைக் கண்டுபிடி. அதுதான் என் சோசியம் மொத்தமும்.

இந்தச் சமயத்தில் எனக்கு மம்சாபுரத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் முடித்துவைத்தார்கள். வந்தவள் சந்திரா. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் நான் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, கையை வாய்க்கு நேரே வைத்து, "ஃபூ... ஃபூ... ஹலோ... மைக் டெஸ்டிங்" என்று சொல்லியிருக்கிறேன். குழாயைக் கட்டி வயரைச் சொருகியதும் ஊதிப் பார்ப்பது எங்கள் தொழிலில் மூச்சு விடுவது மாதிரி. தூக்கத்திலும் வந்துவிடுகிறது. சந்திரா முதல் நாள் பயந்துபோய்த் திருநீறு எடுத்துப் பூசினாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்கு அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. நான் எதை ஊதினாலும் சிரிப்பு. அடுப்பை ஊதினால் சிரிப்பு. கண்ணில் தூசி விழுந்தது என்று ஊதப் போனால் தள்ளிவிட்டுச் சிரிப்பு. காப்பியை ஊத முடியாமல் சுடச்சுடக் குடித்து என் நாக்கு அந்த வருடம் முழுவதும் வெந்துபோய்க் கிடந்தது.

தலைப்பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போனோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பால்கோவா வாங்கிக்கொண்டு, புது வேட்டி சரசரக்க மம்சாபுரத்தில் இறங்கினேன். ராஜா மாதிரி உட்காரவைத்தார்கள். காப்பி கொடுத்தார்கள். மறந்துபோய் ஊதிவிட்டேன். சந்திரா வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள். மாமா என் முகத்தையும் தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். "காப்பில ஏதும் கெடக்கா மாப்ள?" என்று கேட்டார்.

அந்தத் தெருச் சாக்கு ஓட்டத்தில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, அவரவர் வீட்டுச் சாக்கை அவரவர் கொண்டுவர வேண்டும். இன்னொன்று, தெருவில் பிறந்து கட்டிக்கொடுத்த பெண் தலைப்பொங்கலுக்கு வந்திருந்தால் அவளும் ஓடலாம். அந்த ஒரு வருடம் மட்டும்தான். அடுத்த பொங்கலுக்கு அவள் விருந்தாளி. வேடிக்கை பார்க்கலாம், சாக்குக்குள் இறங்க முடியாது.

காணும்பொங்கல் காலையில் சந்திரா என் இலையில் தோசையை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளையிலிருந்து எல்லாப் பொங்கலுக்கும் சாக்குக்குள் இறங்கியிருக்கிறாள், எல்லா வருடமும் சிரித்து விழுந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"இந்த ஒரு தடவைதான் இருக்கு" என்றாள். "பரிசுத் தூக்குவாளிக்கு ஆசப்பட்டு ஓடலங்க. ஒரே ஒரு தடவ மைக்குல எம்பேரச் சொல்லணும். முதல் பரிசு சந்திரான்னு. அது கொழாயில போயி, கம்மாய்க்கு அங்கிட்டு இருக்க மலைல முட்டித் திரும்பி வரணும்."

"சிரிக்காம ஓடு. வரும்" என்றேன்.

"சிரிக்க மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அன்றைக்கு மைக் என் கையில் இருந்திருக்கவே கூடாது. மாப்பிள்ளை வந்த இடத்தில் சும்மா இருக்க வேண்டும். ஆனால் சந்திராவின் அண்ணன்தான் விழாக் கமிட்டி. குழாய் கட்டியவர்களும் எங்கள் கடை ஆட்கள். "சோசியக்கார மாப்ளய வீட்டுல வச்சிக்கிட்டு வேற ஆள எதுக்குப் பேசவிடணும்?" என்று மச்சான் என்னை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கண்மாய்க்கரைப் பொட்டல். ஊரே நின்றது. பஞ்சாயத்துப் பெரியவர் வழக்கம்போல வரவில்லை. பெண்கள் சாக்குக்குள் இறங்கி நின்றார்கள். ஆள் நிலவரம் சொல்லச் சொல்லி மச்சான் கண்ணைக் காட்டினார்.

அப்போதுதான் பார்த்தேன், நிற்கிற நாலு பேரில் மூன்று பேர் என் மாமனார் வீட்டு ஆட்கள். முதலில் பெரியத்தை, மாமாவின் அக்கா. இடுப்பளவுக்கு ஏறாத வத்தல் சாக்கு. அடுத்து தையல் மேரியக்கா, பக்கத்து வீடு, சீனிச் சாக்கு. அதற்கடுத்து வடிவக்கா, மச்சானின் மனைவி, கூமாப்பட்டிக்காரர். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய தேங்காய்ச் சாக்கு. கடைசியில் புண்ணாக்குச் சாக்கில் என் மனைவி.

மச்சான் பாடு என்னைவிட மோசம். ஒரு சாக்கில் பெண்டாட்டி, ஒரு சாக்கில் தங்கச்சி. அவர் தோரணம் அவிழ்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அவிழாத தோரணத்தைக் கட்டப் போய்விட்டார்.

புத்தியுள்ளவன் என்றால் நாலு பேரும் ஜெயிக்க வாழ்த்துக்கள் என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டிருப்பான். எனக்கு மைக்கைப் பிடித்தால் புத்தி வாய்க்கு இறங்கிவிடும்.

"பெரியவர்களே, தாய்மார்களே. பெரியத்தை அவர்களுக்கு அனுபவம் அதிகம். ஆனால் கையில் வத்தல் சாக்கு. பாதித் தூரம் ஓட்டம், பாதித் தூரம் தும்மல். மேரியக்கா எதையும் அளந்து தைப்பவர், சாக்கை மட்டும் அளக்காமல் வந்துவிட்டார். புண்ணாக்குச் சாக்கில் எனக்கு வேண்டப்பட்ட ஒருவர் நிற்கிறார். வேகம் உண்டு. அதைவிடச் சிரிப்பாணி உண்டு. அது முழங்காலுக்கு இறங்கினால் நான் பொறுப்பில்லை. வடிவக்கா... இந்த வீட்டில் அவர் பல்லை யாரும் இதுவரை பார்த்ததில்லை. காலை வீசிப் போட இடமுள்ள சாக்கு. இன்று தூக்குவாளி கூமாப்பட்டி அக்காவுக்குத்தான்."

கூட்டம் கைதட்டியது. பெரியத்தை சிரித்த சிரிப்பில் அப்போதே ஒரு தடவை விழுந்து எழுந்தார். வடிவக்கா சிரிக்கவில்லை. சந்திராவும் சிரிக்கவில்லை. சாக்கை மார்போடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கல்யாணமாகி அதுவரைக்கும் அவள் சிரிக்காமல் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. கீழே மாமா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விசில் ஊதினார்கள். பெரியத்தை முதல் தவ்விலேயே தும்மி, அந்தத் தும்மலுக்குச் சிரித்து, உருண்டு போய் மேரியக்காவின் சாக்கில் மோதினார். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் கிடந்து சிரித்தார்கள். எழுந்திருக்க முயற்சியே செய்யவில்லை. மீதி இரண்டு பேர். வடிவக்கா, தபால்காரர் தெருவில் வருகிற மாதிரி அவசரப்படாமல் தவ்விக்கொண்டிருந்தார். ஆனால் சந்திரா!

நான் அப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்ததில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணைக் கோட்டில் வைத்துக்கொண்டு, புண்ணாக்குத் தூள் பறக்க வந்தாள். என் மேல் இருந்த கோபத்தில் அவள் சிரிப்பாணி எங்கேயோ ஓடிப்போயிருந்தது. என் சோசியமே அவள் வியாதிக்கு மருந்தாகிவிட்டது. சோசியம் பொய்க்கப் போகிறது என்று தெரிந்தும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இதை அவள் நம்ப மாட்டாள், நீங்களாவது நம்புங்கள். "சந்திரா முன்னால... சந்திரா முன்னால..." என்று மேடையில் நானே தவ்விக்கொண்டிருந்தேன்.

சட்டென்று குழாய் செத்துவிட்டது. மைக் வயர் ஆம்ப்ளிபயரை விட்டுக் கழன்று கிடந்தது. குனிந்தேன். எடுத்துச் சொருகினேன். நிமிர்ந்தேன். நிமிர்ந்ததும் என் வாய், என்னைக் கேட்காமல், தொழில் பழக்கத்தில் செய்கிற காரியத்தைச் செய்தது.

"ஃபூ... ஃபூ... ஹலோ... மைக் டெஸ்டிங்."

அது கண்மாயைத் தாண்டிப் போய் மலையில் முட்டித் திரும்பியும் வந்தது. கோட்டுக்கு ஒரு தவ்வுதான் பாக்கி. சந்திராவின் தோள் குலுங்கியதை மேடையிலிருந்தே பார்த்தேன். பிறகு வயிறு. பிறகு முழங்கால். பொத்தென்று உட்கார்ந்து, சாக்கை முகத்தில் இழுத்து மூடிக்கொண்டு, உள்ளேயே கிடந்து சிரித்தாள். வடிவக்கா ஒரு மரியாதைக்கு ஒதுங்கி, அவளைச் சுற்றித் தவ்விப் போய்க் கோட்டைத் தாண்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பஞ்சாயத்துப் பெரியவரின் ஜீப் வந்து நின்றது. முதல் பரிசு வடிவு என்று நான்தான் அறிவித்தேன். மலையும் ஒரு தடவை வடிவு என்றது. ஊரெல்லாம் வந்து என் கையைக் குலுக்கினார்கள். மாப்பிள்ளை வாக்கு தப்பாது என்றார்கள். என் சோசியம் பலித்ததற்காக நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் விசாரணை ஆரம்பித்தது. முதலில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்.

"வயரு தானா கழண்டுச்சா?"

"கூட்டத்துல யாரோ மிதிச்சிட்டாக."

"கூட்டம் கீழல்லா நின்னுச்சு. மேடைல நீங்க ஒரு ஆள்தான். தவ்விக்கிட்டு வேற நின்னீக. ஒங்க காலு எங்க இருந்துச்சு?"

நான் ஊர்க்காரர் காலையெல்லாம் பார்த்துப் பலன் சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு என் கால் எங்கே இருந்தது என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. "சோசியம் பலிக்கணும்னு நீங்களே வயரப் பிடுங்கி, வேணும்னே ஊதிருக்கீக" என்பது அவள் தீர்ப்பு. நான் மேல்முறையீடு செய்துகொண்டே இருக்கிறேன். வடிவக்கா வீட்டுக்குப் போனால் எனக்கு மட்டும் அந்தத் தூக்குவாளியிலிருந்துதான் மோர் ஊற்றுவார், சிரிக்காமல். சந்திராவும் சிரிக்காமல் பார்ப்பாள். அந்த மோர் எனக்கு ஒருநாளும் இறங்கியதில்லை.

அதற்குப் பிறகு நான் ஆள் நிலவரம் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் சொல்லுவதற்கும் ஒன்றுமில்லாமல் போனது. அரிசி, புண்ணாக்கு, வத்தல் எல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கில் வர ஆரம்பித்தன. எந்தச் சாக்கை மோந்தாலும் ஒரே வாசம். காலை வைத்தால் வழுக்கும். எல்லாரும் விழுந்தார்கள், ஆனால் சிரித்து விழவில்லை, வழுக்கி விழுந்தார்கள். அதில் என்ன வேடிக்கை இருக்கிறது? கமிட்டிக்காரர்களும் ஆடல்பாடலுக்குப் போய்விட்டார்கள்.

இத்தனையும் யோசித்துக்கொண்டு மஞ்சள் பையோடு நான் நின்றபோது, சந்திரா என் கையிலிருந்து அதை வாங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டாள். முழங்கால் வலிக்கென்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறவள். வேண்டாம் என்றேன்.

"அந்தா பிரிட்ஜுதான் கோடு. நீங்க பேசாதீக. நான் சொல்லும்போது மட்டும் ஊதணும்."

"என்னத்த ஊத?"

"அன்னைக்கு ஊதுனத."

கூடத்தில் தவ்வ ஆரம்பித்தாள். சின்னச் சின்னத் தவ்வு. தவளை முன்னால் சிரித்துக்கொண்டு போனது, இவள் சிரிக்கவில்லை. பிரிட்ஜுக்கு ஒரு தவ்வு பாக்கி இருக்கும்போது நின்று, திரும்பாமலே கையைத் தூக்கினாள். "ம்... இப்ப ஊதுங்க."

கையை வாய்க்கு நேரே வைத்து ஊதினேன். நான் பல்செட் கட்டி ரெண்டு வருடமாகிறது. 'ஃபூ' வரவில்லை. காற்று மட்டும் வந்தது, சைக்கிள் டியூபில் வருகிற மாதிரி. மறுபடியும் ஊதினேன். அதே காற்றுதான். அந்தச் சத்தம் என் வாயை விட்டே போய்விட்டது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இப்போது வருகிற மைக்கையும் யாரும் ஊதிப் பார்ப்பதில்லை.

சந்திரா கடைசித் தவ்வையும் தவ்வி, பிரிட்ஜைத் தொட்டாள். தொட்டபடியே நின்றாள். சாக்கை விட்டு இறங்கவில்லை. எதற்காக நிற்கிறாள் என்று எனக்குச் செத்த நேரம் கழித்துத்தான் புரிந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "சாக்கு ஓட்டம். முதல் பரிசு. மம்சாபுரம் சந்திரா" என்றேன்.

சுவரில் முட்டி அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டில்கூடக் கேட்டிருக்காது. அங்கே அவர்கள் வந்து குக்கர் வைத்துவிட்டார்கள், விசில் அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னொருக்கச் சொல்லுங்க" என்றாள். "மலைல முட்டி வரணும்லா."

சொன்னேன்.